முப்பிடாதியக்காவின் வலது கழுத்து

நாக்கில் ஒரு புண்

சங்கரன்கோவிலில் பல் கிளினிக் வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. புதிதாகப் படிப்பை முடித்து வருகிற பிள்ளைகள், "மேடம், மறக்க முடியாத கேஸ் எது?" என்று கேட்பார்கள். நான் முப்பிடாதியக்காவைப் பற்றிச் சொல்வேன்.

அக்கா பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருப்பவர். விவசாயிகள் கொண்டுவருகிற மல்லி, பிச்சி, கேந்தியை ஏலம் கூறி விற்றுக்கொடுப்பார். அவர் விலை கூறுகிற வேகத்துக்கு வியாபாரிகள் தலையாட்டவே நேரம் போதாது. என் கிளினிக்குக்கு வந்தாலும் அதே வேகம்தான்.

"டாக்டரம்மா, இந்தக் கடவாப்பல்லு நாக்கைக் குத்திக்கிட்டே கெடக்கு. காரம் பட்டா உசுரு போவுது. பிடுங்கி எறிஞ்சிருங்க."

நாக்கை நீட்டச் சொன்னேன். இடது ஓரத்தில் புண். விரலால் தொட்டால் அடிப்பக்கம் கெட்டியாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. பல்லின் உடைந்த முனையை ராவி வழவழப்பாக்கினேன். அவர் மெல்லுகிற வெற்றிலை, புகையிலையை நிறுத்தச் சொன்னேன். பல் குத்தியதால் வந்த புண் என்றால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். ஆறவில்லை. சின்னத் துண்டு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினேன். புற்று என்று ரிப்போர்ட் வந்தது.

அக்காவையும் அவர் வீட்டுக்காரர் சங்கரபாண்டி அண்ணாச்சியையும் உட்காரவைத்துச் சொன்னேன். அண்ணாச்சி லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நாள் முழுக்கச் சேர்த்தாலும் பத்து வார்த்தை பேசமாட்டார். அக்காதான் கேட்டார்.

"நாக்கை எம்புட்டு வெட்டுவாக? நான் ஏலம் கூறணும்லா?"

"ஆரம்பத்துலயே பாத்துட்டோம்க்கா. கொஞ்சம்தான் எடுப்பாங்க. மதுரைல என் கூடப் படிச்சவர் சர்ஜனா இருக்கார்."

"நீங்க கூட வந்தா வாரேன். இல்லன்னா நான் எங்கனயும் வரல."

மறுநாள் கிளினிக் கதவில் 'இன்று விடுமுறை' என்று எழுதி ஒட்டிவிட்டுக் கிளம்பினேன்.

மதுரையில்

ஸ்கேனில் கழுத்து சுத்தமாக இருந்தது. சர்ஜன் தடவிப் பார்த்தபோதும் எதுவும் தட்டுப்படவில்லை. ஆனாலும் அவர் கழுத்தைப் பற்றியே பேசினார்.

"கழுத்துல நெறியே கட்டல, ஸ்கேன்லயும் ஒண்ணுமில்லங்கீக. பொறவு கழுத்தை எதுக்கு வெட்டணும்?" என்றார் அக்கா.

"நாக்குல உள்ள புற்று முதல்ல போய் உக்கார்ற இடம் கழுத்து நெறி, அதாவது நிணநீர் முடிச்சுதான்மா. பொடிப்பொடியா போயிருந்தா கைக்கும் தெரியாது, ஸ்கேனுக்கும் தெரியாது. அதனால வழக்கமா நாக்கோட சேத்து, புண் இருக்கிற பக்கத்து நெறியை மொத்தமா எடுத்துருவோம். அதுல தோள் நரம்பு கொஞ்சம் சோர்ந்து போக வாய்ப்பு உண்டு. இன்னொரு வழியும் இருக்கு. சென்டினல் நோட் பயாப்சின்னு பேரு. புண்ணைச் சுத்தி லேசா கதிர்வீச்சு உள்ள மருந்து போடுவோம். அது எந்த நெறிக்கு முதல்ல போகுதுன்னு மிஷின்ல பாத்து, அதை மட்டும் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். அது சுத்தமா இருந்தா கழுத்தை விட்டுறலாம். இல்லன்னா இன்னொரு தடவை ஆபரேஷன்."

அண்ணாச்சி அன்றைய பத்து வார்த்தையையும் அங்கே செலவழித்தார். "இடது பக்கத்தை மொத்தமா வழிச்சு எடுத்துருங்க சார். இவ எனக்கு வேணும்."

அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லையாம். இதைப் பிறகு என்னிடம் சொன்னார். அப்போதோ சர்ஜனிடம், "மொதல்ல அந்த மருந்து எங்க போவுதுன்னு பாப்போம்" என்று முடித்துவிட்டார். தோள் சோர்ந்துபோகும் என்பதைவிட, இருக்கிறதா என்றே தெரியாமல் வெட்டுவதுதான் அவருக்கு உறுத்தியது.

ஆபரேஷன் அன்று காலையில் மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். கேமராப் படம் திரையில் வந்தபோது நானும் அண்ணாச்சியும் பக்கத்தில் நின்றோம். இடது கழுத்தில் இரண்டு புள்ளிகள். வலது கழுத்தில் ஒன்று.

"இடம் மாறிப்போச்சா?" என்று அண்ணாச்சி பதறினார்.

"இல்ல அண்ணாச்சி," என்றார் சர்ஜன். "நாக்கு நடுவுல சுவரா இருக்கு? சிலருக்கு அந்தப் பக்கமும் பாயும்."

தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள். முதலில் நாக்கில் புண்ணை எடுத்தார்கள். பிறகு பேனா மாதிரி ஒரு கருவியைக் கழுத்தில் வைத்து நகர்த்த, மருந்து தங்கிய இடத்தில் அது கீச்சென்று கத்தியது. வலது பக்கம் எடுத்த நெறி உளுந்து அளவுதான் இருந்தது. இதற்காகவா இவ்வளவு பாடு என்றுகூட எனக்குத் தோன்றியது.

அண்ணாச்சி கூறிய ஏலம்

ஊருக்குத் திரும்பிய பிறகும் அக்காவால் பேச முடியவில்லை. நாக்கு வீங்கியிருந்தது. கடையை மூடினால் விவசாயிகள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். அண்ணாச்சி ஏலம் கூற நின்றார். நான் பூ வாங்கப் போனபோது பார்த்தேன். ஒரு விலையைச் சொல்லிவிட்டு, அடுத்ததைச் சொல்ல எச்சில் முழுங்கிக்கொண்டிருந்தார். வியாபாரிகள், "அண்ணாச்சி, மல்லி வாடிரும். சீக்கிரம் கூறும்வே" என்று கேலி செய்தார்கள். ஆனால் ஒருவரும் நகரவில்லை. கடைசிக் கூடை விற்கும்வரை நின்றார்கள். உள்ளே நாற்காலியில் அக்கா வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, சிரிப்பை அடக்கமுடியாமல் குலுங்கினார்.

அந்த வாரமே மதுரையிலிருந்து போன் வந்தது. இடது பக்கத்து நெறி இரண்டும் சுத்தம். வலது பக்கத்து உளுந்தில் புற்று செல்கள் இருந்தன.

நேரில்தான் சொல்லவேண்டும் என்று வீட்டுக்குப் போனேன். அண்ணாச்சி கேட்டதும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"நான் சொன்னபடி செஞ்சிருந்தா இடது பக்கத்தை வெட்டிட்டு நிம்மதியா இருந்திருப்போமே டாக்டரம்மா. வலது பக்கம் அது பாட்டுக்கு வளந்திருக்குமே." குலுங்கி அழுதார்.

அக்கா அவர் தலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். தடித்த நாக்கால், "அளாதீக. போவோம். எடுத்துருவாக" என்றார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்ட அவருடைய முதல் பேச்சு அதுதான்.

இரண்டாவது ஆபரேஷனில் வலது பக்கத்து நெறிகளை எடுத்தார்கள். டெஸ்டில் மற்ற எதிலும் ஒன்றுமில்லை. கதிர்வீச்சு வேண்டாம், தவறாமல் செக்கப் வந்தால் போதும் என்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். வலது தோள் மட்டும் சில மாதம் கனத்தது. கையைத் தூக்கிப் பழகச் சொல்லியிருந்தார்கள். அண்ணாச்சி கடையில் மாலை மாட்டுகிற ஆணியைப் பிடுங்கி, வாரத்துக்கு ஒரு விரல்கடை மேலே அடித்தார். அக்கா அவரை ஏசிக்கொண்டே எட்டி மாட்டினார்.

இப்போது ஏலம் அக்காதான் கூறுகிறார். வேகம் கொஞ்சம் குறைவு. 'ழ' வராது. அது முன்பும் வராது என்பார் அண்ணாச்சி. இப்போது அவரும் கொஞ்சம் பேசுகிறார்.

புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஆறாத புண்ணைப் பார்த்தால் களிம்பு கொடுத்து நாளைக் கடத்தாதீர்கள், பயாப்சிக்கு அனுப்பிவையுங்கள். கழுத்தில் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால், தட்டுப்படவில்லை என்று மட்டும் சொல்லுங்கள். அங்கே ஒன்றுமில்லை என்று சொல்லாதீர்கள். எந்த வழி நோயாளிக்குப் பொருந்தும் என்பதை அவரையும் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

போன வாரம் கிளினிக் வாசலில் ஒரே சத்தம். மூட்டை தூக்குகிற ஆள் ஒருவரின் சட்டையைப் பிடித்து அக்கா இழுத்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஏலே, டாக்டரம்மா கிட்ட வாயைத் தொறந்து காட்டு. கன்னத்துக்குள்ள வெள்ளையா இருக்குன்னு சொன்னியா இல்லியா?"

"வலிக்கலக்கா, விடுங்க."

"நானும் வெறும் பல்லுன்னுதாம்ல நெனச்சேன். தொற."

அவர் திறந்தார். நான் விளக்கை இழுத்துவைத்து கன்னத்தைப் பார்த்தேன், நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். பிறகு கழுத்தைத் தடவினேன், இரண்டு பக்கமும்.