குரங்கணி மலையும் என் கம்பளி டவுசரும்

தை மாதத்தில் குரங்கணிக்கு மேலே நடக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "இடுப்புக்குக் கீழே என்ன போட்டுக்கொண்டு போகலாம்?" என்பதுதான். கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஏன் என்பதை இங்கே எழுதிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நான் போனது வேட்டைக்கு. இப்போது வேட்டைக்குத் தடை, மலையேறவே வனத்துறை அனுமதி வேண்டும். காற்றுக்கு மட்டும் இன்னும் யாராலும் தடை போட முடியவில்லை.

நயா பைசா வந்து வருஷம் திரும்பாத தை மாதம் அது. அணாவில் விலை சொல்லி நயா பைசாவில் வாங்கிக்கொண்டு கடைக்காரர்கள் எல்லாரையும் குழப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி ஆறேழு மாதம் இருக்கும். சிலமலையில் எங்களுக்கு இருந்த நிலத்தில் அந்த வருஷம் கிணறு வற்றி, விளைச்சல் சுத்தமாக இல்லை. என் மனைவி செல்லத்தாயின் அண்ணன் வீரணன், குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் மேஸ்திரி. அங்கே காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. கூடவே குடியிருக்க, தோட்டத்து ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒன்றும் உண்டு. அந்த வேலை கிடைத்தால்தான் எங்கள் அடுப்பு எரியும் என்ற நிலைமை.

ஆனால் மச்சான் லேசில் ஆளை எடுக்க மாட்டார். முந்தின வருஷம் வந்தவன் குளிர் தாங்காமல் ஓடிப்போனானாம். அதனால், "காய் எடுப்பு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, பன்னி வேட்டைக்கு மாப்ளையை ஒரு நாளு வரச் சொல்லு" என்று ஜீப்பு டிரைவர் மைதீன் மூலமாகச் சொல்லியனுப்பினார். வேட்டை என்பது பெயருக்குத்தான், நான் குளிரைத் தாங்குவேனா என்று பார்க்கத்தான் கூப்பிடுகிறார் என்பது எங்கள் இருவருக்கும் புரிந்தது.

"போங்க. ஆனா அங்க நடுங்கி மட்டும் காட்டிறாதீக," என்றாள் செல்லத்தாய்.

மைதீன் இன்னொன்றும் சொல்லியிருந்தான். "மேல நல்ல தணுப்பு அண்ணே. கனமா ஒரு டவுசர் போட்டுட்டு வரச் சொன்னாக."

வம்பு தொடங்கியது இந்தச் சொல்லில்தான். எங்கள் ஊரில் டவுசர் என்றால் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடும் அரைக்கால் உடுப்பு. கணுக்கால் வரை வருவது பேண்ட்டு. மச்சானோ வெள்ளைக்காரத் துரையிடம் வேலை பார்த்தவர், துரை வாயில் வந்த டவுசர் முழுநீளம். இது எனக்கு எப்படித் தெரியும்? வேட்டியைத் தவிர வேறு எதையும் உடுத்தாத ஆள் நான். குளிருக்கு எதற்கு அரைக்கால் உடுப்பு என்று ராத்திரி முழுக்க யோசித்து, பன்றி துரத்தினால் மரத்தில் ஏற வசதியாக இருக்கும் என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன்.

சிலமலையிலிருந்து போடிக்கு நாலைந்து மைல். நடந்தே போய், கடைத்தெருவில் டெய்லர் அய்யாவுவைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்துப் பையன்களுக்குத் தைத்துத் தைத்தே வயதானவர்.

"டவுசரா? மகனுக்கா?"

"எனக்குத்தாண்ணே. வேட்டைக்கு."

அவர் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னை நன்றாகப் பார்த்தார். சிரிக்கவில்லை. அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

காக்கி ட்ரில் எடுக்கலாமா என்றேன். "அது சலசலங்கும். பன்னிக்குக் காது கூரு. ஒங்க டவுசர் சத்தத்துலயே மலை தாண்டி மலையாளத்துக்குப் போயிரும்." கார்டுராய்? "தொடைக்குத் தொடை உரசி விர்ரு விர்ருன்னு கத்தும். காத்துக்கு ஆகுறது கம்பளிதான் அப்பு. சத்தமும் போடாது, பனி பட்டாலும் சூடு போகாது. ஒரு கருப்புக் கம்பளி கொண்டா, தச்சுத் தாறேன்."

ஆடு மேய்க்கிறவர்கள் போர்த்தும் கம்பளி ஒன்று நாலு ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். தையல் கூலி பன்னிரண்டு அணா. மூன்றாம் நாள் வாங்கிப் போட்டுப் பார்த்தால், இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் இரண்டு நெல்மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. உள்ளே மெல்லிய துணி வைத்துத் தைத்திருந்தும் அரித்தது. கம்பளி அரிக்கும், அதற்கு வைத்தியம் கிடையாது.

போடியிலிருந்து குரங்கணி பத்து மைல். விடிகாலையில் சந்தைப்பேட்டையில் லோடு ஏற்றிக்கொண்டு ஜீப்பு கிளம்பும். ஆளுக்கு எட்டணா, மூட்டைமேல் உட்கார்ந்தால் நாலணா. மைதீன் என் முழங்காலை இரண்டு முறை பார்த்தான்.

"டவுசர் பைக்குள்ள இருக்காண்ணே?"

"போட்டுத்தான இருக்கேன்."

அவனுக்கு இருமல் வந்தது. குரங்கணி வரும்வரை அந்த இருமல் நிற்கவில்லை.

அங்கிருந்து தோட்டத்துக்கு நாலு மைல் செங்குத்தான ஏற்றம். நடக்கும்போது குளிர் தெரியாது, வியர்க்கும். நின்றதும்தான் காற்று வேலையைக் காட்டும். மேலே மச்சான் தோளில் எஸ்டேட் துப்பாக்கியோடு நின்றிருந்தார். மொடமொடவென்று கஞ்சி போட்ட காக்கி முழுக்கால் உடுப்பு. என்னைத் தலையிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தவர் முழங்காலில் நின்றுவிட்டார்.

"மாப்ளே, மிச்சம் எங்க?"

"இம்புட்டுத்தான் மச்சான். எங்க ஊர்ல குளிருக்கு இதான் போடுவோம்," என்றேன். வேறு என்ன சொல்வது?

சாயந்திரம் மேட்டுப் புல்வெளி ஓரத்தில் ஒரு பாறை மறைவில் உட்கார்ந்தோம். பன்றிகள் ஏலச்செடியின் தூரைக் கிளற அந்த வழியாகத்தான் இறங்குமாம். வெயில் சாய்ந்ததும் காற்று கிளம்பியது. நம் ஊர்க் காற்று முகத்தில் அடிக்கும். அங்கே அது பள்ளத்திலிருந்து மேலே ஏறி வருகிறது. என் டவுசரின் ஒரு கால் வழியாக உள்ளே போய், இடுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மறு கால் வழியாக வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் எனக்கு முழங்கால் இருக்கிறதா என்பதே கையால் தொட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது.

அப்போது பன்றி வந்தது. நல்ல பெரிய பன்றி. மச்சான் துப்பாக்கியைத் தூக்கினார். என் பல் கடகடவென்று அடிக்கத் தொடங்கியது.

"மாப்ளே, பல்லை நிறுத்துங்க," என்று கிசுகிசுத்தார்.

"பல்லை நிறுத்துனா கால் ஆடுது மச்சான்."

பன்றி நின்று எங்களைப் பார்த்தது. இத்தனை பக்கத்தில் இவர் ஏன் இன்னும் சுடவில்லை என்று திரும்பினால், துப்பாக்கிக் குழல் தென்னங்கீற்று போல ஆடிக்கொண்டிருந்தது. பன்றி அவசரப்படாமல் நடந்து போய்விட்டது.

வேலை போயிற்று, லைன் வீடு போயிற்று என்று நினைத்தேன். இனி வீம்பு பிடித்து என்ன ஆகப் போகிறது? "குளிருது மச்சான். என்னால முடியல," என்றேன்.

அவர் துப்பாக்கியைப் பாறையில் சாய்த்து வைத்தார். 

"எனக்கும் குளிருது மாப்ளே," என்றார். "இந்தக் காக்கி காத்தை நிறுத்தவே மாட்டேங்குது. எட்டு வருசமாக் குளிருது. ஆருகிட்டச் சொல்ல?"

 என் டவுசர் ஓரத்தைப் பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருந்த அவர் கை நீட்டித் தடவினார். "என்ன இது, திண்டு மாதிரி இருக்கு?" பேனாக்கத்தியால் தையலைப் பிரித்தார். உள்ளே மடிப்புக்கு மேல் மடிப்பு! வளர்கிற பிள்ளை, அடுத்த வருஷம் பிரித்துவிடலாம் என்று பையன்கள் டவுசரில் மடித்துத் தைப்பார்களே, அந்தப் பழக்கத்தில் அய்யாவு முழுக் கம்பளியையும் டவுசருக்குள் மடித்து வைத்திருந்தார். இரண்டு காலையும் பிரித்து இறக்கியதும் வலது கால் கணுக்கால்வரை வந்தது, இடது கால் ஒரு சாண் குறைவு. சூடு ஏற ஏற எனக்குச் சிரிப்பு வந்தது. மச்சானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்தில் மலையில் வேறு பன்றிகள் இருந்திருந்தாலும் ஓடிப்போயிருக்கும்.

இறங்கி வரும்போது அவரே பேச்சை எடுத்தார். "மாசி பொறக்கவும் ஸ்டோருக்கு வந்துருங்க. போன வருசத்துக்காரன் குளிருதுன்னு ஒரு வார்த்த சொல்லல. சொல்லாமக் கொள்ளாம எறங்கிப் போயிட்டான், அடுப்பு அணைஞ்சு காயெல்லாம் பூசணம். எனக்கு வாயைத் தொறந்து சொல்ற ஆளு வேணும்." மறுநாள் குரங்கணிவரை என்னோடு இறங்கி வந்து, ஜீப்பிலேயே தனக்கும் ஒன்று தைக்கச் சொல்லியனுப்பினார். வளர்கிற பிள்ளைக்கு என்று சொல்லும்படி மைதீனிடம் நாலு தரம் சொன்னார்.

ஆகவே போகிறவர்களுக்கு: பருத்தி மட்டும் போதாது, காற்று ஊடுருவும். மொடமொடப்பான துணி வேண்டாம். கம்பளிக்கு அடியில் மெல்லிய துணி ஒன்று அவசியம். கணுக்காலில் இறுக்கிக் கட்ட ஒரு கயிறு வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காற்று கீழே இருந்து நுழையும். டெய்லரிடம் உடுப்பின் பெயரைச் சொல்லாதீர்கள், கணுக்காலைத் தொட்டுக் காட்டுங்கள்.

வீட்டு வாசலிலேயே செல்லத்தாய் நின்றிருந்தாள்.

"நடுங்குனீகளா?"

"நடுங்குனேன். குளிருதுன்னு வாய் விட்டும் சொல்லிட்டேன்."

தலையில் அடித்துக்கொண்டாள். "போச்சு. சோலி போச்சு."

"சோலி கெடச்சிருச்சு. ஒங்க அண்ணனும் நடுங்குறாரு. எட்டு வருசமாக் குளிருதாம்."

அவள் முகம் மாறிவிட்டது. தாய் தகப்பன் போன பிறகு, தங்கையைக் கரையேற்றத்தான் அவர் மலைக்குப் போனார். கல்யாணம்கூடப் பண்ணிக்கொள்ளவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இறங்கி வந்து, "மேல சொகமாத்தான் இருக்கேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"அண்ணனா சொன்னாரு? குளிருதுன்னு?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு உள்ளே போய்த் தகரப்பெட்டியை இழுத்துப் போட்டுச் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

"மாசி பொறக்கவும் வந்தாப் போதும்னாரு," என்றேன்.

"அதுவரைக்கும் அவரு ஒத்தையில நடுங்கணுமா? வெரசாப் போயி, நாளைக்கே நாம ஜீப்புல வர்றோம்னு மைதீன்கிட்டச் சொல்லிட்டு வாங்க."