அப்பா அடையாளம் வைத்த மண்

ஓராண்டு நினைவுநாளில் இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களே, நண்பர்களே! அப்பாவைப் பற்றி நல்லதாக எழுதச் சொல்லித்தான் அண்ணன் இந்தப் பக்கத்தை என்னிடம் கொடுத்தார். நல்லதாகவே எழுதுகிறேன். ஆனால் அப்பா யாரையும் லேசில் நம்பமாட்டார் என்பது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு எழுதினால் வேறு யாருடைய அப்பாவோ என்று நினைப்பீர்கள்.

அப்பா பிறந்தது பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். ரப்பர் பால் நிறுக்கும்போது கங்காணியின் கட்டைவிரல் தராசுத் தட்டை அடியிலிருந்து தாங்கியதைச் சிறுவயதிலேயே பார்த்தவர். அன்று பிடித்த சந்தேகம் கடைசிவரை விடவில்லை. கடையில் வாங்கிய சீனியை வீட்டில் மறுபடி நிறுப்பார். என்னைப் பெண் பார்க்க வந்தவர்களின் கார் சொந்தமா வாடகையா என்று விசாரித்துவிட்டுத்தான் அவர்களை உள்ளே கூப்பிட்டார்.

தோட்டம் மூடியபின் அவரும் அம்மாவும் மூன்று ஏக்கர் வாங்கி, வெண்டையும் கத்தரியும் போட்டு எங்களைப் படிக்க வைத்தார்கள். நிலத்தில் செருப்பில்லாமல்தான் இறங்குவார். ஈரம் காலுக்குத்தான் தெரியும் என்பார்.

அந்த நிலத்துக்கு அடியில் ஓடு செய்யும் வெள்ளைக் களிமண் இருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாரும் ஒரு களிமண் கம்பெனிக்குத் தோண்டக் கொடுத்தார்கள். அம்மாவின் வைத்தியத்துக்காக அப்பாவும் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் வைத்தது ஒரே நிபந்தனை. மேல்மண்ணைத் தனியே வழித்துக் குவித்து, களிமண் எடுத்து முடித்ததும் அதே மண்ணைத் திரும்பப் பரப்பித் தர வேண்டும். விளைச்சல் எல்லாம் அந்த ஒரு முழ மண்ணில்தான். அடிமண்ணில் புல்கூடச் சரியாக முளைக்காது.

வேலையைப் பார்த்துக்கொள்ள மூவாரிலிருந்து அந்தோணி என்ற சூப்பர்வைசர் வந்தார். மழையில் கரையாமலிருக்க மண்குவியல்மேல் கொடி படரவிட்டார். அப்பாவுக்குச் சந்தேகப்பட அதுவே போதுமாக இருந்தது.

"கொடி எதுக்கு? குவியல் கொறையிறது நமக்குத் தெரியக்கூடாதுன்னுதான்," என்றார்.

நல்ல மண்ணைப் பூச்செடி விற்பவர்களுக்கு லாரியில் ஏற்றிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். வீட்டில் பழைய மங்குகள் இருந்தன, மரத்தில் ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் கிண்ணங்கள். தோட்டத்து நாளிலேயே, அடுத்தவர் எடுத்துவிடக் கூடாதென்று அடியில் நீலக் கோடு போட்டு வைத்திருந்தார். ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் உடைத்து, ஆள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் குவியல் முழுக்கக் கலந்தார். என்னிடம் மட்டும் சொன்னார். சில்லு இருந்தால் நம் மண், இல்லாவிட்டால் களவு போன மண்.

இரண்டாண்டு கழித்து நிலம் திரும்பி வந்தது. அப்பா மண்வெட்டியோடு மூலைக்கு மூலை தோண்டினார். ஒரு சில்லும் இல்லை. அந்தோணியை நேருக்கு நேர் திருடன் என்றார். சில்லு விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. சொன்னால், எங்கிருந்தாவது கொண்டுவந்து தூவிவிடுவார்களாம்! நானும் வாயைத் திறக்கவில்லை. கம்பெனிக்குப் புகார்க் கடிதம் என் கையெழுத்தில்தான் போனது. அந்தோணிக்கு வேலை போயிற்று. அப்பா அந்த நிலத்தில் ஒரு விதைகூடப் போடவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக என்னிடம் பேசியதும் அதைத்தான்.

"நம்ம மண்ண வித்துட்டானுங்கம்மா."

பதினாறாம் நாள் காரியத்துக்கு அந்தோணி வந்து நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் எதை மறைக்க வந்திருக்கிறார் என்றுதான் தோன்றியது. வாசலிலேயே மறித்து, மண்ணில் இருந்த மங்குச் சில்லெல்லாம் எங்கே என்று கேட்டேன்.

"அதுவா? பழைய தோட்டத்துக் குப்பைன்னு நெனச்சேன். நான்தான் ஆள் விட்டுப் பொறுக்கச் சொன்னேன்மா. அங்கிள் செருப்பு போடமாட்டார் லா."

மறுநாள் காலை, கம்பெனி ஸ்டோருக்குப் பின்னால் கிடந்த இரண்டு சாக்குகளைக் கொண்டுவந்து இறக்கினார். அப்போதும் நான் நம்பவில்லை. அப்பாவின் மகள் அல்லவா? ஒவ்வொரு சில்லையும் கழுவி, மிச்சமிருந்த மங்கின் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அடிச் சில்லுகளில் அதே நீலக் கோடு. அப்பா அன்றே அவரிடம் கேட்டிருக்க வேண்டும். இல்லை, நான் கேட்டிருக்க வேண்டும்.

அப்பாவைக் கண்போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், பொந்தியானிலிருந்து வாரந்தோறும் வந்த சித்தப்பாவுக்கும், காரியங்களுக்குத் தோள் கொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்தோணி அண்ணனுக்கு நன்றி என்று எழுத எனக்குத் தகுதியில்லை. புகார் எழுதிய அதே கையால் மன்னிப்புக் கேட்கிறேன். அவர் திருடவில்லை என்று கம்பெனிக்கும் எழுதிவிட்டேன். இங்கே எல்லார் முன்னாலும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு அங்கே வெண்டை போட்டோம். போன வாரம் முதல் பறிப்பு. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு மூன்று ஏக்கரையும் நடந்தேன். காலில் ஒன்றும் குத்தவில்லை.