என் பெயரில் நடித்தவர்

பொது மண்டபத்தில் நாடகம் போடுபவர்கள், நடிப்பவர் ஒவ்வொருவரின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் முன்கூட்டியே காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும். பிறகு ஆள் மாறினால் அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது விதி. ஒரு முத்திரை குறைந்தது என்பதற்காகக் கிழவிகளின் மனுக்களைக்கூடத் திருப்பி அனுப்பிய ஜார்ஜ் டவுன் தீவு நகரத்து அரசாங்கக் குமாஸ்தா நான். எனக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் எங்கள் அலுவலகக் கழகம் ஓர் ஆங்கில நாடகம் போட்டது. விக்டோரியா ராணி காலத்து நகைச்சுவை. காசில்லாத ஆசிரியன் ஒருவன் ஒரு பெரிய வீட்டுக்கு வருகிறான். தாங்கள் எதிர்பார்த்திருந்த பிரபு அவன்தான் என்று நினைத்து வீட்டார் உபசரிக்கிறார்கள். அவன் மறுப்பதில்லை. மூன்று அங்கம் முழுக்கப் பொய், முடிவில் கல்யாணம். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆள்மாறாட்டத்துக்கு அதுதான் தண்டனை போலிருக்கிறது.

கழகச் செயலாளரும் நான்தான், கதாநாயகனும் நான்தான். எங்கள் யாழ்ப்பாணக் குடும்பத்தில் ஆங்கில உச்சரிப்பைச் சொத்து மாதிரி பிள்ளைகளுக்கு எழுதிவைப்பார்கள். ஞாபகசக்தியை எழுதிவைக்க மறந்துவிட்டார்கள். ஒத்திகையில் பத்து வரிக்கு ஒருமுறை நின்றேன். திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுத்தவர் ஓர் இளநிலைக் குமாஸ்தா. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்.

"அண்ணே, உங்க வசனத்த நான் எத்தன தடவ சொல்றது? நீங்க உக்காருங்க, நானே நடிச்சிடறேன்லா!"

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் அவரே நடித்தார். என்னைவிட நன்றாகவே நடித்தார். நான் வசனப் புத்தகத்தோடு திரைக்குப் பின்னால் போனேன்.

அன்றே காவல் நிலையத்துக்கு எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவரிடம் இருந்தது குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் சிவப்பு அட்டை. தோட்டத்தில் அவர் பிறப்பை யாரும் பதியவில்லை. பிறந்த ஊரிலேயே அந்நியராக, வேலை அனுமதியைப் புதுப்பித்துப் புதுப்பித்து வாழ்ந்துகொண்டிருந்தார். குடியுரிமைக்கு எழுதிப்போட்டு நேர்முகத்துக்குக் காத்திருந்தார். அது கிடைக்காவிட்டால் வேலையும் போகும்.

"பேர மாத்திக் குடுக்க வேணாமாண்ணே?"

"போலீஸ் கடுதாசியில உன் பேரு எதுக்குத் தம்பி? பேசாம இரு."

அவருக்காகத்தான் அப்படிச் சொன்னேன். அச்சாகியிருந்த நிகழ்ச்சித் தாளில் கதாநாயகனுக்கு எதிரே என் பெயர் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரியம் ஆக வேண்டிய இடத்து அதிகாரியைத் தலைமை தாங்க அழைத்து மாலை போடுவது நம்மவர் வழக்கம். குடியுரிமை மனுக்களைப் பார்க்கும் அதிகாரி ஒருவரை அழைத்திருந்தேன். நாடகம் முடிந்ததும் இந்த இளைஞரை அவருக்கு அறிமுகப்படுத்திவைப்பது என் திட்டம்.

அன்று மாலை மண்டப வாசலில் ஒரு போலீஸ்காரர் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நின்றார். அதிகாரி முதல் வரிசையில் கண்ணில் நீர் வரச் சிரித்தார். திரை விழுவதற்குள் மேடையேறி, தாளைப் பார்த்து என் பெயரை உரக்கப் படித்து, அந்த இளைஞரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இளைஞர் திரை மறைவில் நின்ற என்னைப் பார்த்தார். நான் வாசலைப் பார்த்தேன். போலீஸ்காரர் அங்கேயே நின்றார். 'வாங்கிக்கொள்' என்று தலையசைத்தேன். இளைஞர் குனிந்து வணங்கி, என் பெயரையும் பூச்செண்டையும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு எப்படி அறிமுகப்படுத்துவது?

இரண்டு மாதம் கழித்து நேர்முகம். முடிந்ததும் நேராக என் மேசைக்கு வந்தார். உட்காரவில்லை.

"அதே அதிகாரிதாண்ணே. பாத்ததும் சிரிச்சாரு. உங்க பேரச் சொல்லி எப்படி இருக்கீங்கன்னாரு. அப்புறம் ஃபைலைத் தொறந்தாரு. அதுக்கப்புறம் சிரிக்கல."

"நீ என்ன சொன்னே?"

"உள்ளதச் சொன்னேன். நான்தான் நடிச்சேன், தாள்ல மட்டும் அண்ணன் பேருன்னு."

"அதுக்கு?"

"'நாடகம் முடிஞ்ச பெறகுதானே கை குலுக்கினோம்?'னாரு. உங்ககிட்ட எழுத்துல வெளக்கம் கேட்டிருக்காங்க. உண்மைய எழுதிடுங்கண்ணே, போதும்."

உண்மையை எழுதினேன். ஒரு பக்கம், இரண்டு இணைப்பு. படித்துப் பார்த்தேன். காவல் நிலையத்தில் தெரிந்தே பொய்ப் பட்டியல் வைத்திருந்த அரசு ஊழியன் ஒருவன் அதில் கையெழுத்துப் போட்டிருந்தான். கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினேன். பட்டியலில் உள்ளபடி நானே நடித்தேன் என்றும், முடிவில் எனக்குத் தலைசுற்றியதால் வசனம் எடுத்துக் கொடுத்தவர் என் சார்பில் மேடையேறிப் பூச்செண்டு வாங்கினார் என்றும். ஒட்டுமீசையும் பவுடரும் போட்ட முகம் யாருடையது என்று யாரால் உறுதியாகச் சொல்ல முடியும்? எல்லாருக்கும் பாதுகாப்பான கடிதம் என்று நினைத்தேன்.

"எழுதிட்டீங்களாண்ணே?"

"எழுதிட்டேன்."

ஆயர் ஈத்தாமில் அவர் வாடகைக்கு இருந்த அறைக்குப் பதில் வர வேண்டும். ஒவ்வொரு திங்கட்கிழமையும் என் மேசையைக் கடக்கும்போது, இன்னும் வரவில்லை என்று உதட்டைப் பிதுக்குவார். தீபாவளிக்கு முறுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். என்னால் தின்ன முடியவில்லை. மார்கழியில் அவர் வேலை அனுமதி முடிய ஆறு வாரம் இருந்தது, பிறகு மூன்று.

தைப்பூசத்துக்கு மறுநாள் வந்த பதிலில் நான்கே வரி. மனுதாரர் தாமே நடித்ததாகச் சொல்கிறார், கழகச் செயலாளர் அவர் நடிக்கவில்லை என்கிறார், ஆகவே மனுதாரரின் வாக்குமூலத்தை ஏற்பதற்கில்லை, மனு நிராகரிக்கப்படுகிறது. அவர் அதை என் மேசைமேல் விரித்துவைத்து, நான் படித்து முடிக்கும்வரை நின்றார். அண்ணே என்று கூப்பிடவில்லை.