தொட்டுவிட்டு ஓடணும்

மணி அடித்தால் போட்டது போட்டபடி கிடக்க, வெளியே ஓட வேண்டும். பட்டாசுக் கம்பெனியில் நான் சேர்ந்த அன்றைக்குக் கற்ற முதல் பாடம் அது. அப்போது ஓடியவர்கள் எல்லாம் இளவட்டம். அவர்கள் பிள்ளைகள் படித்துவிட்டுத் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். வெடிமருந்து அறைகளில் இன்னும் அதே ஆட்கள்தான், தலை நரைத்துவிட்டது. நான் இப்போது ஃபோர்மேன்.

போன சீசனில் மணி அடித்து ஒரு தீ ஒத்திகை வைத்தோம். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். எம்.புதுப்பட்டி ரோசம்மாவும் குருவம்மாளும் மட்டும் கடைசியாக, கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்.

"ஏக்கா, கல்யாண வீட்டுக்கா போறீக? நெசமாத் தீப்பிடிச்சிருந்தா கரிக்கட்டைதான்!"

ரோசம்மாக்கா என்னைத் தனியாக இழுத்துப் போனார். "தம்பி, அவளுக்குக் காது கேக்காது. நான் தொட்டாத்தான் எந்திரிப்பா. ஆபீசுல சொல்லிறாதீக. வீட்டுக்காரரு படுத்த படுக்கை. இவ கூலியிலதான் ரெண்டு சீவனும் கஞ்சி குடிக்குது."

சொன்னால் குருவம்மாளுக்கு வேலை போகும். சொல்லாவிட்டால் ஒருநாள் ரெண்டு பேருமே போய்விடுவார்கள். கடைசியில் மேனேஜரிடம் போனேன்.

"குருவம்மாளுக்குக் காது கேக்கல சார். மருந்து ரூம் வேணாம், பேக்கிங்ல போடுவோம்."

"அங்கன எடமில்லய்யா. வேலய விட்டு நின்னுக்கச் சொல்லும்."

மறுநாள் ஆபீசில் உட்கார்ந்து, குருவம்மாளிடம் இதை எந்த வாயால் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். யாரோ தோளில் ஓங்கித் தட்டினார்கள். குருவம்மாளேதான், மூச்சு வாங்க நிற்கிறார்.

"மணி அடிச்சாச்சு தம்பி! எந்திரிங்க!"

மேனேஜர் என்னிடம் சொல்லாமல் வைத்த ஒத்திகை. ரோசம்மாக்கா தொட்டு இவர் எழுந்து ஓடியிருக்கிறார். ஓடும்போது ஜன்னல் வழியே நான் அசையாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறார். முற்றத்துக்கு வந்த பிறகுதான் மணிச்சத்தம் என் காதில் லேசாக விழுந்தது. அடப்பாவி, எனக்குமா காது போச்சு!

"எனக்கும் மணி கேக்கல சார். அவுகள நிறுத்துனா என்னையும் நிறுத்துங்க" என்றேன்.

"சீசன் நேரத்துல ஃபோர்மேனுக்கு நான் எங்கன போவேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டார் மேனேஜர். இடமே இல்லாத பேக்கிங்கில் அன்றைக்கே இடம் கிடைத்தது.

இப்போது எங்கள் கம்பெனியில் மணி அடித்தால், பக்கத்து ஆளைத் தொட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறேன். ஆனாலும் மனசு ஆறவில்லை. மருந்து பற்றினால் தொடுவதற்கு நேரம் கொடுக்காது. அது எனக்கும் தெரியும், ரோசம்மாக்காவுக்கும் தெரியும்.