வேலை இல்லாதவர்களின் கொட்டகை

போன வாரம் ஜனக் கணக்கு எடுக்க ஒரு பெண் வந்தாள். நான் கொடுத்த வறுத்த மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உடைத்துத் தின்றுகொண்டே, "இந்த வூட்ல எத்தினி பேரு வேலைக்குப் போறீங்கம்மா?" என்று கேட்டாள். சாதாரணக் கேள்விதான். ஆனாலும் "யாருமில்லீங்க" என்று வாய் தானாகச் சொல்லிற்று. உள்ளே தலை வாரிக்கொண்டிருந்த மருமகள், "ஏன் அத்தே, நான் ஆபீசுக்குப் போறது கண்ணுக்குத் தெரியலையா?" என்று சிரித்தாள்.

அவளுக்கு என்னத்தைச் சொல்வது? எல்லாம் அந்த மல்லாட்டைத் தோல் வாசனை செய்த வேலை. என் சின்ன வயதில் திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டைக் கொட்டகையில் நானும் அம்மாவும் கூலிக்கு உடைத்துக்கொண்டிருந்தோம். அப்பா இல்லை. காயைத் தண்ணீர் தெளித்து ஊறவைத்துக் கையால் உடைக்க வேண்டும். எவ்வளவு தெளித்தாலும் தூசு அடங்காது. மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள் என்ற கர்வம் எனக்கு உண்டு. ஆனால் அந்தக் கொட்டகையிலேயே மந்தமான விரல் என்னுடையதுதான். அண்ணன் தாசன் அங்கேயே மூட்டை தூக்கினான்.

இரண்டாம் உலகப் போர் தொடங்கியிருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் சிப்பாய்களை ஏற்றிய ரயில் நிற்பதைப் பார்த்ததாக வண்டிக்காரர்கள் சொல்வார்கள். அந்தச் சமயம் பார்த்து ஜனக் கணக்கு வந்தது. உழைக்கத் தெம்புள்ளவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அப்படியே சண்டைக்குப் பிடித்துப் போகப் போகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. கணக்குக்காகக் கதவில் தாரால் போட்ட வீட்டு நம்பரை அம்மா சாணியால் மெழுகி மறைத்தாள். எங்கள் தெருவில் எல்லாக் கதவும் அன்று சாணி மணத்தது.

வீடெல்லாம் பூட்டிக் கிடக்கவே, கணக்கெடுக்க வந்த வாத்தியார் நேரே கொட்டகைக்கு வந்துவிட்டார். தூரத்தில் அவர் குடையைப் பார்த்ததுமே அம்மா அண்ணனை மூட்டை அடுக்கின் இடுக்கில் தள்ளினாள். நாலு பெண்கள் சேர்ந்து மேலே மூட்டைகளை இழுத்துப் போட்டோம். வாத்தியார் வெயிலில் நடந்து களைத்துப்போயிருந்தார். உட்கார இடம் தேடினார். சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த மூட்டைமேலேயே உட்கார்ந்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது.

"நீ என்னம்மா வேலை செய்யற?"

"வேலையா? ஒண்ணும் இல்லீங்க சாமி. சும்மா குந்திக்கினு இருக்கறேன்" என்றாள் அம்மா. சொல்லும்போதே அவள் கை காயை உடைத்துக்கொண்டிருந்தது.

"வீட்ல ஆம்பளைங்க?"

"யாருமில்லீங்க சாமி."

அடுத்தவளும் அதையே சொன்னாள். அதற்கடுத்தவளும் அதையே.

அப்போது மூட்டைக்கு அடியில் ஓர் இருமல். அம்மா உடனே இருமினாள். நான் இருமினேன். கொட்டகையே சேர்ந்து இருமியது.

"என்ன, எல்லாருக்கும் ஒரே நேரத்துல இருமல்?"

"தூசுங்க சாமி, பெரிய பேஜாரு" என்றாள் அம்மா.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை. ஏனென்றால் அதற்குப் பிறகு கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. இருமினால் பயந்த நாங்கள், இருமாததற்கு அதைவிடப் பயந்தோம். வாத்தியார் நிதானமாக ஒவ்வொருத்தியாகக் கேட்டு எழுதினார். அம்மாவின் உதடு ஜெபத்தில் அசைந்தது.

அவர் தெருக்கோடி திரும்பியதும் பாய்ந்து மூட்டைகளை இழுத்தோம். அண்ணன் முகம் கன்றி, கண் செருகிக் கிடந்தான். முகத்தில் தண்ணீர் அடித்த பிறகுதான் மூச்சு வந்தது. "போய்ட்டாராம்மா?" என்றான். அம்மா அவனை ஓங்கி ஓர் அறை விட்டாள். பிறகு கட்டிக்கொண்டு அழுதாள்.

எங்கள் தெருவிலிருந்து யாரையும் சண்டைக்குப் பிடித்துப் போகவில்லை. மல்லாட்டை ஏற்றும் கப்பல்கள்தான் நின்றுபோயின. கொட்டகையில் வேலை குறைந்தது. அப்புறம் அரிசி கிடைக்காத காலம். அஸ்ஸாம் பக்கம் ரோடு போட ஆள் எடுக்கிறார்கள், சோறு போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு அண்ணன் தானாகவே விழுப்புரத்துக்கு நடந்தான். "ஜல்தி வந்துர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் போனான். வரவேயில்லை. அம்மா விசாரிக்காத ஆபீஸ் இல்லை. அப்படி ஒருவனை யாருக்கும் தெரியவில்லை.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். அந்த வருஷத்துக் கணக்கைப் பார்த்தால் அங்கே ஒருத்தியும் வேலை செய்யவில்லை. தாசன் என்று ஒருவன் இருக்கவேயில்லை.

கணக்கெடுத்த பெண் போன பிறகு மல்லாட்டைத் தோலைக் கூட்டி அள்ளினேன். தூசு கிளம்பி இருமல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்சநேரம் காத்திருந்தேன். கூட இருமுவதற்கு யாரும் இல்லை.