டியர் மிரட்டல் சிஸ்டர்

எங்கள் அலுவலகத்தின் பழைய மென்பொருளில் ஒருவரைப் பற்றி நாம் தெரிந்துவைத்திருப்பதை எல்லாம் எழுத ஒரே ஓர் இடம்தான் இருந்தது. பெயர் என்கிற கட்டம். முப்பது எழுத்து வரை போடலாம், அதுவும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் மட்டும். அதைத் தவிர விலாசம், தொலைபேசி எண், கருவி எத்தனை, அவ்வளவுதான்.

தி. நகரில் உஸ்மான் சாலையை ஒட்டிய ஒரு சந்தில், முதல் மாடியில் எங்கள் அலுவலகம். வீடுகளுக்கும் விடுதிகளுக்கும் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவிகளை மாட்டி, வருட ஒப்பந்தம் போட்டு, பில்டர் மாற்றிக் கொடுப்போம். ஒரு முதலாளி, ஐந்து மெக்கானிக்குகள், நான். கல்யாணத்துக்கு முன்பே அங்கே சேர்ந்தவள். குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டு, அவளுக்கு இரண்டரை வயதானதும் திரும்பப் போனேன். காலை ஒன்பதரையிலிருந்து இரண்டு மணி வரை, அரை நாள் வேலை. இரண்டரைக்கு மந்தைவெளியில் குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் நிற்க வேண்டும். அரை நாளுக்கு ஆள் தேவையா என்று முதலாளி முதலில் யோசித்தார். பிறகு, "எப்படியும் சிஸ்டம் மாத்தப் போறோம். அது முடியற வரைக்கும் வாம்மா" என்றார். முடிந்த பிறகு என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று பல நாள் நினைத்தேன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்றும் நினைத்தேன்.

பழைய மென்பொருள் ஒரே ஒரு கம்ப்யூட்டரில்தான் ஓடும். அது படுத்தால் நாங்களும் படுத்துவிடுவோம். புதியது கிளவுடில் இருக்கும். சரக்கு, ஒப்பந்தம், வாடிக்கையாளர், மெக்கானிக் எங்கே நிற்கிறார் என்பது வரை எல்லாம் ஒரே இடத்தில். எந்த போனிலிருந்தும் திறக்கலாம். அதை அமைத்துக் கொடுக்கிற கம்பெனி தேனாம்பேட்டையில். அங்கிருந்து ஒருவர் தினமும் போனில் பேசுவார். அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "மேடம், டேட்டாவ கிளீன் பண்ணிக் குடுங்க. குப்பையப் போட்டா குப்பைதான் வரும்."

எனக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. கேஸை மூடினோமா என்று பார்க்க, பூட்டிய வீட்டை மறுபடி திறக்கிறவள் நான். இரண்டு மாதம் உட்கார்ந்து சுத்தம் செய்தேன். பத்து இலக்கம் இல்லாத எண்களைப் பிடித்தேன். பின்கோடு தப்பாயிருந்த அடையார் வீடுகளை எல்லாம் அடையாருக்கே திருப்பி அனுப்பினேன். ஒரே ஆள் இரண்டு தடவை பதிவாகியிருந்தால் ஒன்றாக்கினேன். பெயர்க் கட்டத்தில் 'மாமி' என்பதைச் சில இடங்களில் ஒரு 'ஏ' போட்டும் சில இடங்களில் இரண்டு 'ஏ' போட்டும் எழுதியிருந்தோம். எல்லாவற்றையும் இரண்டு 'ஏ'யாக்கினேன்.

"நேம் கட்டம் ஓகேவா மேடம்?" என்று தேனாம்பேட்டைக்காரர் கேட்டார்.

"ஓகே சார். மூணு தடவை பாத்துட்டேன்."

பார்த்தது உண்மை. அந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மெக்கானிக்குகளில் மூத்தவர் சிந்தாதிரிப்பேட்டைக்காரர், எல்லோருக்கும் அண்ணன். யாராவது போன் செய்து விலாசம் சொன்னால், அவர்கள் பெயர் அவருக்கு ஞாபகம் வராது, வீடுதான் வரும். "நாய் வெச்சிக்கினு கீறாங்களே, அந்த மாமி. நாய் மாமினு போட்டுக்கோ." நான் போட்டுக்கொள்வேன். கதவைத் திறக்கும் முன் நாயைக் கட்டச் சொல்ல வேண்டும் என்று அடுத்த மெக்கானிக்குக்குத் தெரிய வேண்டாமா? வேறு கட்டம் இல்லையே. அப்படித்தான் 'மூணு மாடி சார்' வந்தார்; அங்கே லிஃப்ட் கிடையாது. சொந்தமாக மீட்டர் வைத்துக்கொண்டு தண்ணீரைச் சோதிப்பவர் 'சந்தேக சார்'. கைக்குழந்தை தூங்குகிற வீடு 'பெல் அடிக்காதே'. சாந்தோம் பக்கத்தில் ஒரு கன்னியர் மடமும் அதன் இரண்டு பெண்கள் விடுதிகளும் எங்களுடைய பெரிய ஒப்பந்தம், மொத்தம் பதினான்கு கருவிகள். அதன் பொறுப்பாளர் 'மிரட்டல் சிஸ்டர்'. நிஜப் பெயர்கள் எல்லாம் காகித ஃபைலில், பீரோவில் இருந்தன. நான் எழுதி, நானே வருடக்கணக்கில் படித்துப் பழகியதால், அவை எனக்குப் பட்டப்பெயராகத் தெரியவே இல்லை. பெயராகத்தான் தெரிந்தன.

மாற்றும் நாளன்று முதலாளி நல்ல நேரம் பார்த்து லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டும்போது, "ஸ்கிரீன் கிட்ட வேணாம் சார்" என்றேன். பத்து மணிக்குப் பொத்தானை அமுக்கினோம். எல்லோருக்கும் கேசரி. புது சிஸ்டம் அதற்குள் தன் கடமையைச் செய்துவிட்டிருந்தது. புதிதாகச் சேரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தானாகவே ஒரு வரவேற்புச் செய்தி போகும்படி அதில் முன்கூட்டியே ஒரு டிக் போட்டிருக்கும். நாங்கள் ஏற்றிய பழையவர்களும் அதன் கணக்கில் புதியவர்கள்தான். அந்த டிக்கை எடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

பத்தரைக்கு முதல் போன் வந்தது. எடுத்தேன்.

"ஹலோ, பெல் அடிக்காதே பேசறேன்" என்றது ஓர் ஆண்குரல்.

"சார்...?"

"நீங்கதான் அப்படி மெசேஜ் அனுப்பியிருக்கீங்க. டியர் பெல் அடிக்காதே, எங்கள் குடும்பத்தில் ஒருவராக உங்களை வரவேற்கிறோம். என் பையன் ரெண்டாங் கிளாஸ் போறான் மேடம். இப்ப நீங்க தாராளமா பெல் அடிக்கலாம்."

அவர் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். அடுத்த அழைப்பு வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. மூணு மாடி சார் தன் வீட்டுக்கு லிஃப்ட் வந்துவிட்டதைப் பெருமையாகத் தெரிவித்தார். சந்தேக சார், "இந்த மெசேஜ் நிஜமா உங்ககிட்டேந்துதான் வந்துதா?" என்று கேட்டார். அண்ணன் கேசரிக் கிண்ணத்தோடு என் மேஜைக்கு வந்து நின்றார்.

"இன்னா மேடம், ஊருக்கே பேர் வெக்கிற விழாவா? நா வெச்ச பேரு, நீ கொண்டுபோய் அவங்களுக்கே சொல்லிக்கீற!"

"சிரிக்காதீங்கண்ணா, எனக்கு அழுகை வருது."

"அழுவாதே. கேசரி துன்னு."

அடையாரிலிருந்து அந்த நாய் மாமி பேசியபோதுதான் நிஜமாகவே அழுகை வந்தது. கோபமே இல்லை அவர் குரலில். "அது போய் ஒரு வருஷம் ஆறதும்மா. இங்க யாரும் அதப் பத்திப் பேசறதில்ல. காலம்பற போனைப் பாத்தேன், நாய் மாமின்னு இருக்கு. மாமா கிட்டக் காட்டினேன். ரெண்டு பேரும் சித்த நேரம் பாத்துண்டே உக்காந்துண்டிருந்தோம்." நான் மன்னிப்புக் கேட்டேன். "பேரை மாத்தாதே, அப்படியே இருக்கட்டும்" என்றார்.

முதலாளிக்கு இவர்கள் யாரைப் பற்றியும் கவலையில்லை. அவர் ஒரே ஒரு போனுக்காகத்தான் பயந்தார். அது வரவில்லை. மடத்து ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. அவரே நாலு தடவை கூப்பிட்டார், அங்கே எடுக்கவில்லை.

"எனக்குத் தெரிஞ்சு அந்த சிஸ்டர் போனை எடுக்காம இருந்ததே இல்ல" என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், மேஜையிலிருந்த குங்குமத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பதினாலு மெஷின்மா. அது போச்சுன்னா இங்க அரை ஆள் குறைக்கணும்."

அலுவலகத்தில் அரை ஆள் நான் ஒருத்திதான்.

"நான் நேர்ல போயிட்டு வரேன் சார்" என்று வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தேன்: போனால் இன்னும் கெடுத்துவிடுவேனோ? போகாமல் இருந்தாலும் கெட்டதுதான். அண்ணன் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். மயிலாப்பூர் முழுக்க மெட்ரோவுக்காகத் தோண்டிவைத்திருக்கிறார்கள். நேற்று போன வழி இன்று இருக்காது. தடுப்புகளைச் சுற்றிச் சுற்றிப் போய்ச் சேரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அண்ணன் மடத்து வாசலிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டார்.

"நீங்களும் வாங்கண்ணா."

"நானா? உள்ள போனா என்னத் திரும்ப வெளிய வுடமாட்டாங்க. நீ போ. கொழந்த வெச்சிருக்கவளைத் திட்டமாட்டாங்க."

சிஸ்டர் அலுவலக அறையில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். பல வருடம் ஆசிரியையாக இருந்தவர் என்பது, நான் உள்ளே நுழைந்தபோது என் கால்கள் தானாகவே சேர்ந்து நின்றதிலேயே தெரிந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எட்டப் பிடித்து வாசித்தார்.

"'டியர் மிரட்டல் சிஸ்டர், எங்கள் குடும்பத்தில் ஒருவராக உங்களை வரவேற்கிறோம்.' குடும்பத்துல இப்படித்தான் கூப்பிடுவீங்களா?"

"மன்னிச்சிடுங்க சிஸ்டர்."

"யார் வச்ச பேரு?"

அண்ணன் என்று சொல்லிவிடலாம். அவர் வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். கம்ப்யூட்டர் என்று சொல்லலாம். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

"நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம் சிஸ்டர். டைப் பண்ணது நான். போன மாசம்கூட எல்லாப் பேரையும் ஒண்ணொண்ணா சரிபாத்தேன்."

"பாத்துமா விட்டீங்க?"

"ஸ்பெல்லிங் சரியா இருந்துது சிஸ்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கினாரா, கோபத்தை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"நான் என்னம்மா மிரட்டினேன்?"

"பழைய பில்டரை உங்க கண்ணு முன்னாடி உடைச்சுப் போடச் சொல்லுவீங்களாம்."

"ஆமா, சொல்லுவேன். ஒரு தடவை உங்க ஆள் பழசையே கழுவி மாட்டிட்டுப் போனாரு. இங்க எழுபது பொண்ணுங்க இந்தத் தண்ணியத்தான் குடிக்கறாங்க. அதுங்களோட அம்மாக்கள் எல்லாம் எங்கேயோ இருக்காங்க. அவங்களுக்குப் பதிலா யாராவது பாக்கணும் இல்ல?"

என் மகளின் தண்ணீர் பாட்டிலைத் தினமும் காலையில் கொதிநீர் விட்டுக் கழுவுகிறேன். காப்பகத்து ஆயா அதே பாட்டிலைத் தரையில் வைப்பதைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் வந்துவிடுகிறேன். இவர் இங்கே சொல்கிறார். "நீங்க சொல்றது சரிதான் சிஸ்டர்" என்றேன். நயமாகப் பேசுவதற்காகச் சொன்னதல்ல.

"உங்க புது சிஸ்டத்துல இதெல்லாம் எழுத இடம் இருக்கா?"

"இருக்கு. குறிப்புன்னு தனியா ஒரு கட்டமே இருக்கு. இப்ப எல்லாம் கிளவுட்ல சிஸ்டர், போன்லயே திறக்கலாம்."

"அப்ப எழுதுங்க. இப்பவே, எனக்கு முன்னாடி."

போனில் திறந்தேன். அது ஓடிபி கேட்டது. ஓடிபி முதலாளியின் போனுக்குத்தான் போகும். அவரைக் கூப்பிட்டேன்.

"என்னாச்சு? ரொம்பத் திட்டறாங்களா?" என்று ரகசியக் குரலில் கேட்டார்.

"ஓடிபி சொல்லுங்க சார்."

"மேகத்துல இருக்குன்னு சொன்னீங்க" என்றார் சிஸ்டர். "அதுக்கு உங்க முதலாளிதான் வாட்ச்மேனா?"

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பழைய பில்டரை முன்னால் உடைக்க வேண்டும். தொட்டியைக் கழுவிய பிறகு மூடியைத் திறந்து காட்ட வேண்டும். மாணவிகள் சாப்பிடுகிற நேரத்தில் வரக் கூடாது. பெயர்க் கட்டத்தில் அவருடைய முழுப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். இத்தனை வருடத்தில் அதை முதன்முறையாக அப்போதுதான் கேட்டேன். அழகான பெயர். சேமித்துவிட்டுத் திருப்பிக் காட்டினேன். மெதுவாக வாசித்தார். இழுப்பறையிலிருந்து ஒப்பந்தத்தை எடுத்தார். ஒரு வருடம் என்று அச்சடித்திருந்ததை அடித்து, ஆறு மாதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எழுதினதைச் செய்யறீங்களான்னு பாக்கறேன்" என்றார்.

வாசலில் அண்ணன் பீடியை மிதித்து அணைத்தார். "இன்னாச்சி?"

"ஆறு மாசம் குடுத்திருக்காங்க. இனிமே டேங்க் மூடியைத் திறந்து காட்டணும், பழசை உடைக்கணும். சிஸ்டத்துல ஏத்திட்டேன்."

"அடப்பாவமே. நீ யாரு பக்கம் மேடம்?"

போனில் நேரம் பார்த்தேன். மணி ஒன்றே முக்கால். மந்தைவெளிக்கே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். தடுப்புகளுக்கு நடுவே வண்டி ஊர்ந்துகொண்டிருந்தபோது முதலாளியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பாதிதான் வாங்கியிருக்கிறேன், போதாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"சரி. மத்த பேரு எல்லாம் அப்படியேதானே இருக்கு?" என்றார்.

"ஆமா சார். ஃபைலைப் பாத்து, ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிக் கேட்டு மாத்தணும். வீட்டு விவரத்தை எல்லாம் குறிப்புல ஏத்தணும்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

மனசுக்குள் கணக்குப் போட்டேன். முழு நாள் உட்கார்ந்தால் ஒரு மாதம். அப்படிச் சொல்வதா, வேண்டாமா?

"அரை நாள் வேலைல, மெதுவாப் பண்ணா, ஆறு மாசம் ஆகும் சார்."

"மெதுவாவே பண்ணும்மா" என்றார்.