ரெட்டைக் குதிரைக்காரி

பயப்படுவதற்கு ஒரு பட்டம் கொடுப்பார்கள் என்றால் அவள் அதைப் பள்ளிக்கூடத்திலேயே வாங்கியிருப்பாள். போன் அடித்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறுவாள். வாசல் மணி அடித்தால், நாம் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்துக்கொண்டேதான் கதவைத் திறப்பாள். அப்பேர்ப்பட்டவள் முப்பது வயதுக்கு மேல், புருஷனையும் பள்ளிக்கூடம் போகிற மகளையும் வைத்துக்கொண்டு, சட்டமும் வணிக நிர்வாகமும் ஒன்றாகச் சேர்ந்த மேல்படிப்பில் போய் விழுந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? அவளே பாதி நாள் நம்பவில்லை.

அதற்கு முன் ஒரு லாரி கம்பெனியில் ஒப்பந்தங்களை டைப் அடித்துக்கொண்டிருந்தாள். வக்கீல் ஒரு வரியை வெட்டுவார், மேனேஜர் அதே வரியைத் திரும்பச் சேர்ப்பார். அவருக்கு வியாபாரம் புரியாது, இவருக்குச் சட்டம் புரியாது. நடுவில் இவளுக்குக் கைவலிதான் மிச்சம். இரண்டையும் ஒரே ஆள் படித்தால் என்ன என்று ஒருநாள் சாப்பிடும்போது வாய்விட்டுச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அவள் கணவன் சிரித்தான்.

"ரெட்டைக் குதிரை சவாரியா? பார்த்து, நடுவுல விழுந்து வைக்காத. எக்ஸ்ரே நான்தான் எடுக்கணும்."

அன்றிலிருந்து வீட்டில் அவள் பெயர் ரெட்டைக் குதிரைக்காரி.

கல்லூரியில் இரண்டு கட்டடங்கள், நடுவில் வண்டி நிறுத்துமிடம். சட்டக் கட்டடத்தில் கிரீச்சிடும் மர பெஞ்சுகள். நிர்வாகக் கட்டடத்தில் சக்கரம் வைத்த நாற்காலிகள், கண்ணாடிச் சுவர். சட்டத்தில் போய் இதில் லாபம் என்ன என்று கேட்டுச் சிரிப்பை வாங்குவாள். நிர்வாகத்தில் வந்து இது சட்டப்படி செல்லுமா என்று கேட்டுப் பெருமூச்சை வாங்குவாள். அதெல்லாம் பரவாயில்லை. ஒரு பக்கம் வெளியே அனுப்பினால் மறுபக்கமும் தானாகவே போய்விடும் என்றொரு விதி இருந்தது. முதல் நாள் அதைப் படித்ததிலிருந்து, எந்தக் கட்டடத்தில் யார் கூப்பிட்டாலும் வெளியே அனுப்பத்தான் என்று நினைப்பாள்.

பயம் விட்டுப்போகிற இடம் ஒன்றே ஒன்று உண்டு. சட்டக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இலவச ஆலோசனை அறை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் வியாழக்கிழமைகளில் வருவார்கள். மாணவர்கள்தான் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும், மேற்பார்வைக்கு ஒரு வக்கீலம்மா. அங்கே ஒரு வழக்கம்: வந்தவர் உட்கார்ந்ததும் மாணவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வர வேண்டும். அதற்கப்புறம்தான் பேச்சு. சாத்திய கதவுக்கு உள்ளே சொன்னது அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. கதவைச் சாத்திவிட்டுத் திரும்பும் அந்த நொடியில், எதிரே இருப்பவர் தன்னை நம்புகிறார் என்ற நினைப்பில் அவள் முதுகு தானாக நிமிரும்.

அப்படி வந்தவள்தான் மெத்தை அக்கா. மெத்தைத் தொழிற்சாலையில் தையல் மிஷினில் வேலை, வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது, அதற்கு நஷ்ட ஈடு கேட்க வந்திருந்தாள். ஊசிக்கு முன்னால் விரலைத் தடுக்க ஒரு தகடு இருக்க வேண்டும். வேகம் வேண்டும் என்று முதலாளி எல்லா மிஷினிலும் அதைக் கழற்றிவிட்டார். தகடு இல்லாத மிஷினை ஒருத்தி போட்டோ பிடித்திருந்தாள். அவள் அக்காவின் தோழி, இன்னும் அங்கேயே வேலை பார்க்கிறவள்.

"இது உன் காதோட இருக்கட்டும்மா. தெரிஞ்சா அவளை நிறுத்திடுவாங்க. அவ வீட்டுல அவ ஒருத்திதான் சம்பாதிக்கிறா."

"என்னை நம்புங்க அக்கா" என்றாள் இவள்.

அடுத்த திங்கட்கிழமை நிர்வாக வகுப்பில் ஐந்து பேராகச் சேர்ந்து ஒரு கணக்கை அலசிக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு தொழிற்சாலை, பெயரை மறைத்து 'கம்பெனி அ' என்று கொடுத்திருந்தார்கள். ஆட்கள் அதே அளவு, மிஷின்கள் அதே ரகம், ஆனால் மற்றவர்களைவிட உற்பத்தி மட்டும் எக்கச்சக்கம். எப்படி என்று எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்க, எப்போதும் கோட்டோடு வரும் ஒருவன், கோட்டுக்காரன் என்றே அவனுக்குப் பெயர், நல்ல நிர்வாகம்தான் காரணம் என்றான்.

வகுப்பில் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவளுக்கு ஒருமுறைகூடத் தெரிந்திருந்ததில்லை. இன்று தெரிந்தது. முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு வந்தது வாய்.

"தையல் மிஷின்ல ஊசிக்கு முன்னால இருக்கிற தகட்டைக் கழட்டிட்டா வேகம் தானா வரும்."

கோட்டுக்காரன் திரும்பிப் பார்த்தான். "மிஷின்னுதானே இதுல போட்டிருக்கு? தையல் மிஷின்னு யார் சொன்னா?"

"சும்மா... பொதுவா சொன்னேன்."

"இது எங்க பெரியப்பா ஃபேக்டரி. கணக்கைக் கொடுத்ததே நான்தான். உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் நோட்டைப் புரட்டுவது போலக் குனிந்துகொண்டாள். கோட்டுக்காரன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டே பேசினான், நடுநடுவே இவளைப் பார்த்தான். பேசுவது கேட்கவில்லை. கேட்காததுதான் அவளைக் கொன்றது.

வீட்டுக்கு வந்து கணவனிடம் கொட்டித் தீர்த்தாள்.

"கம்பெனி பேரைச் சொன்னியா?"

"இல்லைங்க."

"போட்டோவைப் பத்தி?"

"சத்தியமா இல்லை."

"அப்புறம் என்ன? வாயை மூடிக்கிட்டு இரு. நீயா போய்ச் சொன்னா சட்டத்துல இருந்து தூக்குவாங்க, அதோட இன்னொண்ணும் போச்சு. இத்தனை வருஷம் நாம பட்டதெல்லாம்?"

அவன் சொன்னது நியாயம்தான். அவளும் சரி என்றாள். ஆனால் சோறு இறங்கவில்லை. தகடு என்ற சொல்லை வைத்து முதலாளி தேட ஆரம்பித்தால் யாரைப் பிடிப்பார்? விரல் போனவளின் தோழியைத்தான். அவள் முகம்கூட இவளுக்குத் தெரியாது. தெரியாத அந்த முகம் மகளுக்குத் தலைவாரும்போதும் பஸ்ஸில் நிற்கும்போதும் எதிரே வந்து நின்றது. படிப்பு போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம், தன்னால் ஒருத்திக்கு வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். இந்த இரண்டு குதிரைகள் மேலும் ஏறி உட்கார அவளால் முடியவில்லை. புதன்கிழமை மத்தியானம் வக்கீலம்மா அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

வக்கீலம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"அடுத்த வாரம் விசாரணை வைப்பாங்க. அது உனக்கும் காலேஜுக்கும் உள்ள விஷயம். அதுக்கு முன்னாடி அந்த அம்மாகிட்ட சொல்லணும். நாளைக்கு வருவாங்க. நீயே சொல்லு. நான் கூட இருக்கேன்."

வியாழக்கிழமை மெத்தை அக்கா வந்தாள், உட்கார்ந்தாள். இவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். தப்பு என்மேல்தான் என்றாள்.

அக்கா அவளைப் பார்க்கவே இல்லை. "அவ இப்ப வேலையில இருப்பா" என்று மட்டும் சொல்லிப் போனை எடுத்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. வேலை நேரத்தில் அங்கே போனை எடுத்துப் பேச விடமாட்டார்களாம். சாப்பாட்டு இடைவேளை வரை மூன்று பேரும் அந்தச் சின்ன அறையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா தன் குட்டை விரல்களை இன்னொரு கைக்குள் பொத்தி வைத்திருந்தாள். கடவுளே, அந்தத் தோழிக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது என்று இவள் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டே இருந்தாள்.

போன் அடித்தது. தோழியின் குரல் இவளுக்கும் கேட்கிற அளவுக்குச் சத்தமாக வந்தது.

"அக்கா, அதிசயத்தைக் கேளு. நேத்து சாயங்காலம் ஆளு வந்து எல்லா மிஷினுக்கும் தகடு மாட்டிட்டுப் போயிட்டான். இனிமே நிம்மதியாத் தைக்கலாம்."

"உன்னை ஏதாவது கேட்டாங்களா?"

"என்னை எதுக்குக் கேட்கப் போறாங்க?"

இவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அழுகையே வந்துவிட்டது. வக்கீலம்மா, விஷயம் காதுக்குப் போய் முதலாளி இப்போது தகட்டை மாட்டினாலும் போட்டோ கையில் இருக்கும்வரை வழக்கு நிற்கும், பிடித்த தேதி அதிலேயே இருக்கிறது, இந்த அறை வேண்டாமென்றால் வெளியே வேறு வக்கீலிடமும் ஒப்படைக்கலாம் என்றார். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். இங்கேயே இருக்கட்டும் என்றாள். பிறகுதான் இவள் பக்கம் திரும்பினாள். கோபம் இருந்த மாதிரி தெரியவில்லை.

"அங்க இருக்கிறவங்க விரலுக்கு நல்லதுதான் நடந்திருக்கு. நீ கெட்ட பொண்ணு இல்லைன்னும் தெரியுது. இல்லைன்னா வந்து சொல்லியிருக்க மாட்டே."

"அக்கா..."

"ஆனா இன்னும் சொல்ல வேண்டியது நிறைய இருக்கும்மா. உன் முன்னாடி எனக்கு வாய் வராது." வக்கீலம்மாவைப் பார்த்தாள். "வேற யாராவது இருந்தா வரச் சொல்லுங்க."

அடுத்த வார விசாரணை அவளுக்கு அப்போது நினைவிலேயே இல்லை. சின்ன வயதிலிருந்து யார் யாரோ தன்னை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து வந்தவள், அனுப்புவது இந்த அக்காவாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவைத் திறந்து வாசலில் நின்றாள்.

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போம்மா" என்றாள் மெத்தை அக்கா.

வெளியே நின்று, சத்தம் வராமல், சாத்தினாள்.